இன்னும் வேகவில்லை

பேராசிரியையிடமிருந்து பதில் வந்துவிட்டது. மோப்பம் சார் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, வேற்றுக் கோளிலிருந்து வந்த சேதியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் அனுப்பியிருந்தது, கல்வியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்வதற்கான திட்டம். இரண்டு பக்கம். அது ஓரமெல்லாம் குறிப்புகளோடு திரும்பி வந்திருந்தது. ‘முதல் பத்தி அடிப்பிடித்துவிட்டது.’ ‘இரண்டாவதில் உப்பு இல்லை.’ கடைசியாக, ‘இன்னும் வேகவில்லை. திருத்தி எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரவும்.’

“பெரிய படிப்பு படிச்சவங்க இப்படித்தான் எளிமையா எழுதுவாங்க,” என்றார் சார்.

“எளிமையாத்தான் சொல்லியிருக்காங்க, நல்லா இல்லன்னு,” என்றாள் மனைவி.

மோப்பம் என்பது ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வைத்த பெயர். வீட்டுப்பாடத்தைப் புரட்டும்போதே அதைப் பிள்ளை எழுதியதா, அம்மா எழுதியதா, கல்லூரியில் படிக்கும் சித்தப்பா எழுதியதா என்று சொல்லிவிடுவார். ‘மேற்படி பசுவானது’ என்று ஒரு சிறுமி எழுதி வந்தபோது, அப்பாவுக்குப் பதிவாளர் அலுவலகத்தில் வேலையா என்று மட்டும்தான் கேட்டார். அவள் அழுதுவிட்டாள்.

அவருடைய ஆய்வும் அதுதான். பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பெற்றோர் செய்து கொடுப்பதால் வரும் கேடு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதற்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகி, மகள் பிறந்து, அவள் எட்டாம் வகுப்புக்கும் வந்துவிட்டாள். திட்டம் மட்டும் தொட்டிலை விட்டு இறங்கவில்லை. இப்போது பேராசிரியை ஓய்வு பெறப் போகிறார். கடைசியாக ஒரே ஒருவரைத்தான் சேர்த்துக்கொள்வாராம். இதை விட்டால் மோப்பம் சார் வெறும் மோப்பம் சார்தான்.

சனிக்கிழமை காலை எழுத உட்கார்ந்தார். மதியம்வரை ஒரே ஒரு வாக்கியம் எழுதினார். அந்த வாக்கியம் எங்கே முடிகிறது என்று தேடிக்கொண்டு வந்த மனைவி, பாதி வழியில் களைத்துப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“தள்ளுங்க. நான் கொஞ்சம் சுருக்கித் தர்றேன்.”

அவள் காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பவள். அவள் சுருக்கிய பத்தியில், பாதிக்கப்பட்டவர் யார், விபத்து எப்படி நடந்தது, தவறு யார் மீது என்பதெல்லாம் பளிச்சென்று இருந்தன. வீட்டுப்பாடம் ஒரு லாரியில் அடிபட்டதுபோல இருந்தது.

அதைக் கொஞ்சம் மென்மையாக்க, பக்கத்துத் தெருவிலிருந்து சார் தன் அக்காவை வரவழைத்தார். அக்கா வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தா. பெற்றோரை இப்படி வெளிப்படையாகக் குற்றம் சொன்னால் நாளைக்கு வழக்கு வரும் என்று அவள் பயந்தாள். ‘செய்து கொடுக்கிறார்கள்’ என்றிருந்த இடத்திலெல்லாம் ‘செய்து கொடுத்ததாகக் கருதப்படும் மேற்படி நபர்கள்’ என்று போட்டாள். இரண்டு பக்கம் ஆறு பக்கமானது.

ஆறு பக்கத்தையும் ஒருவர் படிக்க வேண்டுமானால் தலைப்பு இழுக்க வேண்டும் என்று சார் மச்சானுக்குப் போன் போட்டார். அடுக்குமாடி வீடுகளை விற்றுக் கொடுக்கும் மச்சான், யோசிக்காமலே சொன்னார்: “உங்கள் பிள்ளையின் எதிர்காலம்: சாவி யார் கையில்?”

அந்தி சாயும்போது மேசையைச் சுற்றிக் குடும்பமே உட்கார்ந்திருந்தது. சாருக்குத்தான் உட்கார இடமில்லை. இவ்வளவு நேரமும் மூலையில் தன் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்த மகள் எழுந்து வந்து, எல்லாவற்றையும் படித்தாள்.

“அப்பா, இதுல பிள்ளைங்க எங்கப்பா?”

எல்லாரும் தாள்களைப் புரட்டித் தேடினார்கள். அவளே பென்சிலை எடுத்தாள். முக்கால்வாசியை அடித்தாள். நடுவில் ஒரு பத்தி எழுதினாள். அம்மாவோ அப்பாவோ வீட்டுப்பாடம் எழுதும்போது பிள்ளை பக்கத்தில் சும்மாதான் உட்கார்ந்திருக்கும். ஆனால் சில வீடுகளில் அப்படிச் சேர்ந்து உட்காருவது அந்த ஒரு வேளைதான். அது தெரிந்தே சில பிள்ளைகள் ‘எனக்கு வரலை’ என்று சொல்வார்கள்.

சார் அதை இரண்டு தடவை படித்தார். கொள்கை காரணமாக, மகளோடு ஒருநாளும் பாடத்துக்கு உட்காராதவர் அவர்.

திருத்தியதைத் தன் கையால் படியெடுத்து, முகர்ந்து பார்க்காத குறையாகச் சோதித்தார். இது மனைவி. இந்த ‘மேற்படி’ அக்கா; மகளின் பென்சிலுக்குத் தப்பியிருக்கிறது. தலைப்பில் மச்சான் வாசனை தூக்கலாக அடித்தது. நடுப்பத்தி மகள். தன் வாசனை எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினார். கையெழுத்தில் இருந்தது. பதறிப்போய் அங்கங்கே ‘எனவே’, ‘ஆகவே’ என்று தன் பங்குக்குச் சேர்த்தார். மகள் அவற்றையும் அடித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பேராசிரியையின் வீட்டுக் கூடத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தோளில் துண்டு போட்ட பெரியவர் ஒருவர், பேராசிரியையின் கணவர், தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வெங்காயம் அடுப்பில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பேராசிரியை நடுப்பத்தியில் விரலை வைத்தார். இதற்காகவே ஆய்வு செய்யலாம் என்றார். பிறகு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“நீங்களே எழுதினதுதானே?”

இதே கேள்வியை எத்தனையோ பிள்ளைகளிடம் கேட்டவர் சார். அப்போது அவர்கள் செய்வதெல்லாம் அவருக்கு அத்துபடி. முதலில் கூரையைப் பார்ப்பார்கள். பிறகு காதைச் சொறிவார்கள். தான் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பதை அவர் உணர்ந்தபோது, கை காதுக்குப் பாதி தூரம் போயிருந்தது. கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“இல்லைங்க மேடம். வீட்ல எழுதினாங்க. அந்தப் பத்தி எம் பொண்ணு. என்னோடது கையெழுத்து மட்டும்தான்.”

போச்சு என்று நினைத்தார். தொட்டிலில் கிடந்த திட்டத்தை மனசுக்குள் ஒருமுறை தட்டிக்கொடுத்தார்.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். தேவையில்லாமல் இருமினார்.

“வீடுன்னா… அப்படித்தான். நாளைக்கு வந்து சேர்ந்துடுங்க. இனிமே பொண்ணு பக்கத்துல உக்காந்து, நீங்க எழுதுங்க.”

இவ்வளவு பெரிய மனசா என்று வியந்தபடியே சார் வெளியே வந்தார். பின்னாலேயே துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு பேராசிரியையின் கணவர் வந்தார். வாசல் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

“போன தடவை ஓரத்துல கொஞ்சம் கடுமையா எழுதிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க தம்பி. அன்னிக்குன்னு பார்த்து அடுப்புல பால் பொங்கிடுச்சு.”