கயிறு திரித்த கதை

எழுபத்தாறாம் வருஷக் குளிர்காலத்தில், சவூதியின் தம்மாமில், நான் ஒரு வீர சபதம் எடுத்தேன். வீட்டு விறகடுப்பின் கதவில் புகை கசியாமல் அடைக்கும் 'சீல்' கயிற்றை எக்காரணம் கொண்டும் சரிசெய்வதில்லை!

இத்தனைக்கும் கம்பெனியில் எனக்குக் கசிவை அடைப்பதுதான் டியூட்டி. குவார்ட்டர்ஸில் எங்களுக்கு முன்னால் இருந்த அமெரிக்கர், கதவு வைத்த இரும்பு விறகடுப்பு ஒன்றை ஹாலிலேயே விட்டுப் போயிருந்தார். ஜனவரிக் குளிருக்கு அதில் பேக்கிங் பெட்டிப் பலகைகளை எரிப்போம். கதவைச் சுற்றியிருந்த கயிறு நைந்துபோய் வீட்டில் ஒரே புகைச்சல். எனக்கோ அது வரப்பிரசாதம். சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்துதான் மனைவி வசந்தகுமாரியைத் திருச்சியிலிருந்து கூட்டி வந்திருந்தேன். மீறினால் அடுத்த பிளைட்டில் ஊருக்குப் போய்விடுவாளாம். அடுப்புப் புகையில் என் புகையும் கலந்து காணாமல் போனது.

"என்னங்க, கண்ணு எரியுது. அந்தக் கதவைக் கொஞ்சம் பாக்கக்கூடாதா?"

பேப்பர் துண்டு ஒன்றைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது.

"பாத்தியா? தாளைப் பிடிச்சு நிறுத்தினாத்தான் சீல் நல்லா இருக்குன்னு அர்த்தம். இது போச்சு. கயிறு மாத்தணும்."

"மாத்துங்களேன்."

"தீயில எரியாத கயிறு வசந்தா அது! இங்க மாஃபி, கிடைக்கவே கிடைக்காது. ஜெர்மனியிலேருந்து கப்பல்ல வரணும்."

"அவ்வளவு தூரத்துலேருந்தா?"

"பின்னே?"

பாவம், நம்பிவிட்டாள். அந்த ஒரு மாதம் நான் ராஜா. வெளியே பாலைவனக் காற்று ஊளையிடும். அடுப்பு மேலேயே அவள் வேர்க்கடலை வறுத்துத் தருவாள். அவள் சமையலறைக்குப் போனதும் நான் ஒன்று பற்ற வைப்பேன். இன்றைக்கும் எங்காவது விறகுப் புகை வந்தால் வசந்தா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். எனக்கு அந்தக் குளிருக்கும் கடலைக்கும் மனசு ஏங்குகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை, சமையலறையிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள்.

"என்னங்க இது, புகை நாத்தம்?"

"எல்லாம் அந்தப் பாழாப்போன சீல்தான். ஜெர்மன்காரன் இன்னும் அனுப்பலையே!"

"நேத்தே மாத்திட்டேனே."

"எ... எப்படி?"

"பக்கத்து வீட்டு மெஹர்பானு அக்கா வீட்டுக்காரர் சூக்குக் கடைத்தெருவுல இரும்புக் கடை வெச்சிருக்காரில்ல? அங்க கட்டுக்கட்டாத் தொங்குதாம். நீங்க திரிச்ச கயிறு போதும்னு நிஜக் கயிறே வாங்கிட்டேன். நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே தாளும் வெச்சிருக்கேன். இழுங்க. வழுக்கிட்டு வந்தா கயிறு மேல தப்பு. வரலைன்னா உங்க மேல தப்பு. நாளைக்கே எனக்கு டிக்கெட்."

கதவிடுக்கில் ஒரு தாள் பளபளவென்று நீட்டிக்கொண்டிருந்தது. என் சிகரெட் பாக்கெட்டின் ஜிகினாத் தாள்!

சாமியை வேண்டிக்கொண்டு இழுத்தேன். வரவில்லை.

கிழிஞ்சது, போங்கள்!