மாதிரி வீட்டில் பொங்கிய பால்

ஒரு நாட்டிலே ஒரு வீடு இருந்ததாம். வாசல் இருந்ததாம், கதவு இல்லையாம். குழாய் இருந்ததாம், தண்ணீர் இல்லையாம். அந்த வீட்டுக்கு ஒரு ராஜாவும் இருந்தானாம். அந்த ராஜா அடியேன்தான். பெயர் ஆர்தர்.

என் ராஜ்ஜியம் புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தாமானில், அதாவது வரிசை வரிசையாக வீடு கட்டி விற்கும் குடியிருப்பில், இருக்கிறது. எண்பத்து மூன்றாம் வருஷக் கிறிஸ்மஸுக்கே சாவி என்று அக்ரிமெண்ட் சொன்னது. எண்பத்து நான்கு கிறிஸ்மஸும் நெருங்கிவிட்டது. அதுவரை ராஜாவுக்கு, ரப்பர் தோட்டத்தில் கங்காணி வேலை பார்க்கும் மாமனார் சூசைமுத்து மண்டோரின் லயத்தில்தான் வாசம். மாமனார் குறட்டை விட்டால் அடுத்த டிவிஷனில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும்.

ஒரு நாள் காலையில் சபதம் செய்தேன்.

"இசபெல்! இன்னிக்கு அந்த மேனேஜரை ஒரு வழி பண்ணாம திரும்ப மாட்டேன்."

"சத்தமா பேசுவீங்களா?"

"புலி மாதிரி!"

"போன தடவை அந்தப் புலி ஓசிக் காலண்டர் வாங்கிட்டு வந்துச்சு. இந்தத் தடவை டைரியாச்சும் கேளுங்க."

வீடு கட்டும் கம்பெனியின் மேனேஜர் கார்த்திகேசு யாழ்ப்பாணத்துப் பேச்சுக்காரர். பேச ஆரம்பித்தால் கல்லும் தலையாட்டும்.

"வாரும் தம்பி, இரும். தேத்தண்ணி குடியும். சாவி இண்டைக்கே தாறன். வீடு திருப்தி, தாமதத்துக்கு நட்டஈடு கேட்க மாட்டம் எண்டு நீரும் மனிசியும் ஒரு கையெழுத்து வைச்சாப் போதும்."

"சி.எப்.?" என்றேன், புலிக்குட்டி போல. வீட்டில் குடியிருக்கலாம் என்று மாவட்ட மன்றம் கொடுக்கும் சான்றிதழ் அது. அது வராமல் தண்ணீரும் வராது, லைட்டும் வராது.

"அது பிறகு தானா வரும். உமக்கெண்டு ரெண்டு சீலிங் ஃபேன் சும்மா தாறன்."

புலி ஃபேன் காற்றிலேயே படுத்துவிட்டது. ஆனால் வீடு எங்கள் இருவர் பேரிலும் இருந்தது. இசபெல்லோ அக்ரிமெண்டை ஜெபப் புத்தகம் மாதிரி ஓரம் மடித்து வாசிப்பவள். லேசில் கையெழுத்துப் போட மாட்டாள். அதனால் நானே யோசனை சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை அவளை உங்க மாதிரி வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றேன். திரைச்சீலையைப் பார்த்து வாயைப் பிளப்பா. அந்த நேரம் பார்த்துப் பேனாவை நீட்டுங்க."

அங்கே டைப் அடித்துக்கொண்டிருந்த ஜெனவீவ் ஒரு நிமிஷம் நிறுத்தினாள். ஏதோ எழுத்துப் பிழை போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இசபெல் கல்யாணச் சேலையோடு கிளம்பினாள். கையில் மூடி போட்ட பெரிய கூடை.

"என்ன இது?"

"வீடு பார்க்கப் போறோம். வெறுங்கையோடவா போவாங்க?"

மாதிரி வீட்டை என்னவென்று சொல்வேன்! தரையில் முகம் பார்க்கலாம். மேசையில் பிளாஸ்டிக் ரம்புத்தான், ஈயே ஏமாந்து உட்கார்ந்திருந்தது. டிவி கூட அட்டையில் செய்ததுதான். இசபெல் வாயைப் பிளந்தாள். மேனேஜர் பேனாவைத் திறந்தார்.

"ஆண்டவரே! குழாய்ல தண்ணி வருதே!"

"வரும் பிள்ளை."

"லைட்டும் எரியுதே!"

"எரியும், எரியும். இதிலை கையெழுத்தை வையும்."

"எதுக்குங்க கையெழுத்து? இந்த வீட்டையே எடுத்துக்கிறோம். ரொம்பப் புடிச்சிருக்கு."

கூடையைத் திறந்தாள். மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது. பானை வந்தது. பால் வந்தது. தீக்குச்சியும் உரசியாயிற்று.

"ஐயோ! இது காட்டுறதுக்கு வைச்ச வீடு!"

"எங்களுக்குக் காட்டினதும் இதைத்தானே? வாங்கும்போது இதைக் காட்டி, தரும்போது அதைக் கொடுத்தா எப்படி லா?"

நான் அவள் காதருகே குனிந்தேன். "உனக்கு யார் சொன்னது?"

"ஜெனவீவ் என்கூடத்தான் கோயில்ல பாட்டுப் பாடுது. ரெண்டு ஃபேனுக்கா என்னை வித்தீங்க?"

அதற்குள் வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. இறங்கியவர் கோலசிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஷேக் தாவூது பாய். எங்களுக்கு அடுத்த வீட்டை வாங்கி, எங்களைப் போலவே காத்திருப்பவர். பின்னால் எங்கள் வரிசையில் வீடு வாங்கிக் காத்திருக்கும் அத்தனை பேரும். பாய் சட்டைக் கையை மடித்தார். மாதிரிச் சமையலறையில் நிஜத் தேநீர் நுரைத்து ஆறடி உயரத்திலிருந்து இறங்கியது.

அன்றுதான் புது வரிசைக்கு முன்பணம் கட்ட ஆட்கள் வரும் நாள். செகிஞ்சானிலிருந்து ஒரு சீனக் குடும்பம் வந்தது. சபாக்கிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். இசபெல் எல்லோரையும் வீட்டுக்காரி போல வரவேற்று, தேநீர் கொடுத்து, ஜன்னலைத் திறந்து காட்டினாள்.

"நாங்க வாங்கினது அதோ, கூரையில புல்லு முளைச்சிருக்கே, அந்த வீடுதான். ஆயர் தாடா லா! தண்ணி இன்னும் வரல."

செகிஞ்சான்காரர் முன்பணப் பையைக் கக்கத்துக்குள் செருகிக்கொண்டார். வாத்தியார் காரைத் திருப்பினார். அடுப்பில் பால் பொங்கியது. கார்த்திகேசுவின் முகத்திலும் ஏதோ பொங்கி வழிந்தது.

"எழுதித் தாறன் பிள்ளை! சி.எப். வந்த பிறகுதான் சாவி. தாமதத்துக்கு அக்ரிமெண்டில உள்ளபடி நட்டஈடு. இவை எல்லாருக்கும் தாறன். முதல்லை அடுப்பை அணையும்!"

எழுதினார். முன்பண ரசீது அடிக்க வந்திருந்த ஜெனவீவ் அதை டைப் அடித்தாள், இந்த முறை நிறுத்தாமல். இசபெல் இரண்டு தரம் வாசித்துவிட்டு, அவரைக் கையெழுத்துப் போட வைத்தாள். கடலே விலகி வழிவிட்டதைப் பார்த்தவன் போல நான் நின்றேன். இவளோடா நான் இத்தனை நாள் ஒரே பாயில் படுத்தேன்!

மேனேஜர் தலையைத் துடைத்துக்கொண்டு போனார். ஜெனவீவ் போனாள். லோரியும் போனது. இசபெல் கூடையை எடுத்தாள். நானும் செருப்பை மாட்டினேன்.

"நீங்க எங்க?"

"வீட்டுக்குத்தான்."

"மேனேஜர் வாக்கு எத்தனை நாளைக்குத் தாங்கும்? சி.எப். வர்ற வரைக்கும் ஞாயித்துக்கிழமை தோறும் இங்க ஒரு ஆள் உட்கார்ந்து, வர்றவங்களுக்கு நம்ம கதையைச் சொல்லணும். பாய்க்குக் கடை இருக்கு, எனக்குப் பாட்டு இருக்கு. உங்களுக்குத்தான் குடிவர அவசரம்."

சொல்லிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் ராணி நடந்து போனாள்.