இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது பாசிமணிகள்

வீட்டு மகளோடு சேர்த்துப் பதினோராவது பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றியதுமே மருந்துக்கடைக்காரருக்கு வியர்த்துவிட்டது.

"மொத்தமே பத்துப் பேருக்கு மேல இருக்கமாட்டாங்கன்னு பொண்ணு சொன்னாளே!" என்று மனைவியிடம் கிசுகிசுத்தார்.

"குழந்தைங்கதானே, ஒண்ணு கூட வந்தா என்ன?"

என்னவா? ஒரு வாரம் மண்டையைக் குடைந்து அவர் பிடித்த எண் அது: 2520. ஒன்றிலிருந்து பத்து வரை எதனால் வகுத்தாலும் மிச்சம் விழாது. அப்படிப்பட்ட எண்களில் அதுதான் ஆகச் சிறியது. எத்தனை பேர் வந்தாலும் சண்டை வராது என்று, கடையில் மாத்திரை எண்ணும் தட்டில் ஐந்தைந்தாகத் தள்ளி அத்தனை பாசிமணிகளையும் எண்ணி வைத்திருந்தார்.

மெனக்கெட்டதற்குக் காரணம் உண்டு. மகள், மனைவியின் முதல் திருமணத்தில் பிறந்தவள். இவர் இந்த வீட்டுக்கு வந்து அரை வருஷமாகியும் அவரை அவள் எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. எதிரிலேயே உட்கார்ந்திருப்பார், "அம்மா, அவரை உப்பு எடுத்துத் தரச் சொல்லு" என்பாள். இன்றுதான் முதன்முதலாகத் தோழிகளை மாலை கோக்க அழைத்திருந்தாள். இதில் சொதப்பினால் ஆயுசுக்கும் 'அவர்'தான்.

பதினொன்றால் வகுத்தார். ஆளுக்கு இருநூற்று இருபத்தொன்பது. மிச்சம் ஒன்று. பாழாய்ப்போன ஒன்று, அதுவும் பளபளவென்று சிவப்பு.

நைசாக மகளின் குவியலில் தள்ளினார்.

"இவ வீடுன்னா இவளுக்கு மட்டும் கூடவா?" என்றாள் ஓட்டைப்பல் தோழி. மகளின் முகம் தொங்கிப்போயிற்று.

சட்டென்று எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அங்கிள் திருடுறாரு!"

"திருடலம்மா, பத்திரமா வைக்கிறேன்..."

"எங்களுக்குத்தானே வாங்கினீங்க?"

சரி, உடைத்து ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிடலாம். மாத்திரை உடைத்துப் பழகிய கை. மணியை மேஜைமேல் வைத்துச் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டார். மணி தப்பித்து சோபாவுக்கடியில் ஓடியது. மேஜை சாய்ந்தது. பதினொரு குவியலும் தரையில் கொட்டி ஒன்றாய்க் கலந்துவிட்டன.

இரண்டு பிள்ளைகள் ஓவென்று அழுதன. மகள் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தரையையே பார்த்தாள்.

எல்லோருமாக மண்டியிட்டுப் பொறுக்கினார்கள். திரும்ப எண்ணினார். ஒன்றுகூடக் குறையவில்லை, அந்தச் சிவப்புச் சனியன் உட்பட.

அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது.

"பன்னண்டு! இன்னும் ஒருத்தர் இருந்தா ஆளுக்கு இருநூத்திப்பத்து! மிச்சமே கிடையாது!"

கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினார், தெருவில் எந்தப் பிள்ளையாவது அகப்படுமா என்று பார்க்க. அவசரத்தில் ஒரு காலில் மனைவியின் செருப்பு.

"எங்கடி ஓடுறாரு இவரு?" என்றாள் ஓட்டைப்பல்.

மகள் நகர்ந்து, தன் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டாள்.

"எங்கப்பாவுக்கு எல்லாத்தையும் எண்ணத் தெரியும்டி, தன்னைச் சேத்து எண்ணத்தான் தெரியாது."