கொட்டாஞ்சேனைக் காய்ச்சல்

சட்டத்துக்குக் கீழ்ப்படியாத கைகளைச் சட்டம் சும்மா விடாது. கொட்டாஞ்சேனைச் சந்தியில், தலையில் அரிசி மூட்டையோடு போய்க்கொண்டிருந்த சுமைகூலி நாட்டாமை முனியாண்டியைப் பார்த்து, "கையைத் தூக்கு!" என்று வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை கட்டளையிட்டார். துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடந்த காலம் அது. கூலிக்காரன் எவனைக் கண்டாலும் துரைக்குச் சந்தேகம். முனியாண்டியின் இரண்டு கைகளும் மூட்டையைப் பிடித்தபடி ஏற்கெனவே மேலேதான் இருந்தன. அதற்கு மேல் தூக்க இடமில்லாததால் அவன் தூக்கவில்லை. கட்டளையை மீறியதாகக் கருதித் துரை சுட்டுவிட்டார்.

இதை நேரில் கண்டவர், வெள்ளவத்தைவாசியும் அரசாங்கக் கந்தோர் ஒன்றின் பிரதம இலிகிதருமான நாகேந்திரத்தார். அன்றிலிருந்து அவருடைய வீட்டு விறாந்தையில் மாலைதோறும் கூட்டம்.

"என்ர இரண்டு கண்ணாலையும் கண்டனான்! உந்தத் துரையைக் கூண்டில ஏத்தாமல் விடமாட்டன்" என்பார் அவர்.

"நானும் என்ட கட வாசல்ல நிண்டு கண்ட ஐயா. பட்டப்பகல்ல!" என்பார் கொட்டாஞ்சேனைப் புடைவைக்கடை ஹமீட் நானா.

அந்த நாட்களில் அந்தத் துப்பாக்கிச் சூட்டைக் கண்டிராதவர் மரியாதைக்குரியவரே அல்லர். கலியாண வீட்டிலும் கண்டவர்களுக்குத்தான் முதற் பந்தி.

வந்தது வினை. அரசாங்கம் உண்மையாகவே துரைமீது வழக்குப் போட்டுவிட்டது. முனியாண்டியின் பெண்சாதி பழனியம்மா விறாந்தைப் படியில் வந்து நின்றாள்.

"ஐயா, நீங்க பாத்தத கோட்டுல வந்து சொல்லுங்க. இல்லாட்டி அவரு சாவுக்கு ஒருத்தரும் பொறுப்பில்லேன்னு எழுதிப்புடுவாங்க."

"அதுக்கென்ன, சொல்லுறன்."

அவள் போனதும் மனைவி சரோஜினிதேவி உள்ளேயிருந்து வந்தாள்.

"இஞ்சேருங்கோ, அண்டைக்குக் காய்ச்சல் எண்டெல்லோ கந்தோருக்கு லீவு போட்டனீங்கள்? அப்போதிக்கரி டொக்குத்தரிட்டைச் சேட்டிபிக்கட்டும் எடுத்தனீங்கள். மகளுக்குச் சம்பந்தம் பேசக் கொட்டாஞ்சேனைக்குப் போனதெண்டு தெரிஞ்சால் பென்சன் என்னாகும்?"

நாகேந்திரத்தார் இடிந்துபோனார். அன்று அவர் படுக்கையில் கிடந்ததாக மாட்சிமை தங்கிய மன்னரின் அரசாங்கமே ஏற்றுக்கொண்டுவிட்டது. மன்னரைப் பொய்யராக்க அவர் யார்?

"அன்று எனக்குக் கடுங்காய்ச்சல், கனம் நீதிபதி அவர்களே" என்றார் கோட்டில். ஹமீட் நானாவின் கடைக்கு அடுத்த வளவு பொலிஸ் ஸ்டேஷன். அவருக்கும் காய்ச்சல். கடைசியில் துரைக்காக வழக்காடிய அப்புக்காத்து எழுந்து, துரைக்கும் அன்று காய்ச்சல்தான் என்று அதே அப்போதிக்கரியின் சேட்டிபிக்கட்டை நீட்டினார். ஜூரிமார் கலந்து பேசி, முனியாண்டியின் சாவுக்கு எவரும் பொறுப்பல்லர் என்று தீர்த்தார்கள். கொட்டாஞ்சேனையில் பரவியிருக்கும் காய்ச்சல் குறித்து நகரசபைக்குத் தங்கள் ஆழ்ந்த கவலையையும் தெரிவித்தார்கள்.

அன்று மாலை விறாந்தை கொதித்தது.

"வாய் திறக்க ஒரு ஆம்பிளை இல்லாமல் போச்சே இந்த ஊரில!" என்றார் நாகேந்திரத்தார். ஹமீட் நானா உட்பட எல்லோரும் ஆமோதித்தார்கள்.

படியில் பழனியம்மா நின்றாள்.

"ஐயாவுக்குக் காய்ச்சல்னு கோட்டுலதான் தெரிஞ்சிச்சு. இப்ப தேவலைங்களா?"

நாகேந்திரத்தார் சால்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"அவருக்கும் அன்னைக்கு நெசமாவே காய்ச்சலுங்க. போவாதேன்னு சொன்னேன். ஒரு நாள் நின்னாலும் வேலை போயிரும்னு மூட்டை தூக்கப் போனாரு."

நாகேந்திரத்தார் மனப்பூர்வமாகவே இரங்கினார்.

"அடடா! அப்ப ஒரு சேட்டிபிக்கட் எடுத்திருக்கலாமே?"

"அதுதானே" என்று விறாந்தை முழுவதும் தலையாட்டியது.