ஏற்றுமதி அண்ணன்

நாமக்கல் சீமையில் முட்டை ஏற்றுமதி செய்து பேர் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். ஒரு முட்டையைக்கூட அனுப்பாமல் 'ஏற்றுமதி' என்று பேர் வாங்கியவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவரை ஏழு வருடம் வேலைக்கு வைத்திருந்தவன் நான். என் தலையில் மிச்சமிருக்கும் நாலு முடியைப் பார்த்தாலே அது தெரியும்.

ராசிபுரத்தில் எனக்கு ஃப்ளெக்ஸ் பேனர் கடை. டிசைன் போட ஆள் தேடியபோது தம்மம்பட்டியிலிருந்து வந்து நின்றார். என் கம்ப்யூட்டரில் இருந்தது, காசு கட்டி வாங்கவேண்டிய சாப்ட்வேரின் திருட்டுக் காப்பி. அதைப் பார்த்ததும் செத்த எலியைப் பார்த்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இதத் தொட மாட்டனுங்க. எங்கிட்ட கட்டற்ற மென்பொருள் இருக்குதுங்க."

"ஓசியா?"

"ஓசி வேறங்க, கட்டற்றது வேறங்க. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம், அடுத்தவங்களுக்கும் குடுக்கலாம்."

நாற்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் கட்டாத மனிதர். கட்டற்றது அவருக்குப் பொருத்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன். மேற்கொண்டு விளக்கம் கேட்கத் தெம்பில்லாமல் வேலைக்குச் சேர்த்தேன்.

அதிலும் ஒரு வம்பு. மென்பொருளில் இருந்த பட்டன்களை எல்லாம் தமிழுக்கு மாற்றி வைத்திருந்தார். அதில் படத்தைச் சும்மா சேமித்தால் அச்சு மெஷின் திறக்காது. வேறு வடிவத்துக்கு எக்ஸ்போர்ட் செய்தாகவேண்டும். தமிழில் அதற்குப் பெயர் 'ஏற்றுமதி'.

ஒருநாள் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பேனர் போட வந்தார். "பத்து நிமிசம் உக்காருங்க. உங்க மகளையும் மாப்பளையையும் ஏற்றுமதி பண்ணிட்டுத் தாரேன்" என்றார் நம்மவர்.

பண்ணைக்காரர் எழுந்தே விட்டார். "ஏனுங்க, மாப்பள உள்ளூர்லதான் லாரி வெச்சிருக்கறாரு. நீங்க எந்த நாட்டுக்கு அனுப்பறீங்க?"

அன்று சாயங்காலத்துக்குள் 'ஏற்றுமதி' என்ற பேர் பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டது. பிறகு அவருடைய சொந்தப் பேர் எனக்கே மறந்துவிட்டது.

அதே பேனரில் அறுபத்திரண்டு பங்காளிகளின் பேர். பண்ணைக்காரர் கொண்டுவந்த பட்டியலின் பழைய எழுத்துரு இவருடைய மென்பொருளில் கோணிக்கொண்டு நின்றது. அத்தனை பேரையும் முதலிலிருந்து அடித்தார். அடிக்கும்போதே எல்லாருடைய இனிஷியலையும் தமிழாக்கினார். மறுநாள் ஒரு பங்காளி கடைக்குச் சண்டைக்கு வந்தார். "எஸ்.கே.ங்கற என்னைய ச.கு.ன்னு போட்டா என்ற மச்சானுக்கே தெரியாதுங்க!" சமாதானம் பேசியது நான். டீ வாங்கிக் கொடுத்ததும் நான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்கமுடியாத ஒன்று பின்னால்தான் தெரிந்தது. பேனர் வாங்க வந்தவர்களுக்கெல்லாம், பிரித்து மாற்றக்கூடிய மூலக் கோப்பையும் அந்த மென்பொருளையும் பென்டிரைவில் போட்டு, எப்படி மாற்றுவது என்றும் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். ஆடி மாத அம்மன் கோயில் பேனர்தான் எங்களுக்கு வருடத்தில் பாதிச் சோறு. அந்த ஆடியில் வழக்கமாக வரும் ஊர்க்காரர் ஒருத்தரும் வரவில்லை. போன வருடப் பேனரில் தேதியை மட்டும் தாங்களே மாற்றி, எதிர்க்கடையில் மலிவாக அச்சடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்னொரு ஆடி இப்படிப் போனால் கடையைச் சாத்தவேண்டியதுதான்.

கோபப்படக்கூட முடியாத அளவுக்கு அலுத்துப் போயிருந்தேன். "அண்ணா, ஒண்ணு இந்தப் பழக்கத்த உடுங்க. இல்லீனா கடைய உடுங்க."

"நாலு பேருக்குக் குடுன்னுதானுங்க எனக்கு இதக் குடுத்தாங்க. நான் மட்டும் கட்டி வெச்சுக்கிட்டா நல்லா இருக்குமுங்களா, சாமி?" என்றார். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு தம்மம்பட்டி பஸ் ஏறிவிட்டார்.

அடுத்த வாரம் எங்கள் கடை விளம்பரப் பேனரில் போன் நம்பர் மாற்றவேண்டி வந்தது. அவருடைய கம்ப்யூட்டரில் நானே உட்கார்ந்தேன். என் போட்டோ போட்ட பேனர் அது. படத்தின் ஒவ்வொரு துண்டும் தனித்தனி அடுக்காக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் பேர் எழுதி வைத்திருந்தார். 'கடைப் பேரு.' 'சாமந்திப் பூ.' 'மொதலாளி மீசை, கொஞ்சம் சேத்திப் போட்டது.' கடைசியில் ஒன்று: 'மொதலாளி கண்ணுக்குக் கீழ கருப்பு, மறைச்சாச்சு. பாவம், சாமி சரியாத் தூங்கறதே இல்ல.'

அந்த அடுக்கை எடுத்தும் வைத்தும் எத்தனை முறை பார்த்தேனோ. என் முகத்தை என் வீட்டில்கூட யாரும் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. போன் போட்டேன்.

"அண்ணா, திரும்பி வந்துருங்க."

மெதுவாகச் சொன்னார். "அந்தப் பழக்கத்த உட முடியலீங்களே, சாமி."

"அதையுங் கூட்டிக்கிட்டே வாங்க" என்றேன்.