சக்கைக்குப் பொருத்தம் பார்த்தவர்

உலகத்தில் எண்களை நம்புகிறவர்கள் உண்டு, நம்பாதவர்கள் உண்டு. ஓர் எண்ணுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்து, "சொந்த ஊர் எதுங்க? எப்பப் பொறந்தீங்க? பெத்தவங்க யாருங்க?" என்று குலம் கோத்திரமெல்லாம் விசாரித்த பிறகே உள்ளே விடுகிறவர், நான் பார்த்தவரையில், ஒரே ஒருவர்தான். மராத்தி பேசும் ஹடப்சரில் எங்கள் ஆபீஸில் அவருக்குக் கிலோ என்று பெயர். ஈரோட்டுப் பக்கத்துக்காரர். பெற்றோர் வைத்த பெயர் ஆதார் அட்டையில் இருக்கக்கூடும். மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவர் கிலோதான். எனக்கு மட்டும் கிலோ அண்ணா.

எங்கள் தொழில் என்னவென்று என் அம்மாவுக்கே இன்னும் புரியவில்லை. ஒரு பொருள் மண்ணிலிருந்து கிளம்பி, தொழிற்சாலை, லாரி, கடை, வீடு எல்லாம் சுற்றி, கடைசியில் குப்பைமேட்டில் போய்ச் சேரும்வரை பூமிக்கு எவ்வளவு பாரம் தருகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்வோம். எல்லாவற்றையும் நாமே அளக்க முடியாது. அதற்கென்று பெரிய பெரிய தரவுத்தளங்கள் இருக்கின்றன. ஒரு கிலோ எஃகு, ஒரு யூனிட் மின்சாரம், ஒரு லாரி ஓட்டம் என்று எதைக் கேட்டாலும், யாரோ எங்கோ அளந்து வைத்த எண் கிடைக்கும். வேண்டியதை எடுத்துக் கோத்தால் கம்ப்யூட்டர் மீதியைக் கூட்டிச் சொல்லிவிடும். சென்னையில் படிப்பை முடித்துவிட்டுச் சுடச்சுட வந்து சேர்ந்த நான், பட்டனைத் தட்டினால் பூமியைக் காப்பாற்றிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

சேர்ந்த அன்றே கேன்டீனில் நான்கு பேர் கேட்க அறிவித்தேன்: "காகிதப் பையைவிட பிளாஸ்டிக் பை ரொம்ப மோசம்."

பக்கத்து மேஜையிலிருந்து ஒரு குரல். "எதுக்குங்க அம்மிணி?"

"எதுக்குன்னா?"

"ஒரு கிலோவுக்குங்களா, ஒரு பைக்குங்களா, இல்ல ஒருக்கா கடைக்குப் போயிட்டு வர்றதுக்குங்களா? காயிதப் பை மழையில நனஞ்சு கிழிஞ்சா இன்னொண்ணு வாங்கோணும். அதையும் சேத்துச் சொல்லோணுமில்லீங்?"

மேஜையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "மாட்டினாயா?" என்பதுபோல ஒருவர் என் தட்டில் ஒரு பஜ்ஜி வைத்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. எதற்காக என்று சொல்லாத எண் அவருக்குத் தலையில்லாத முண்டம். ஆள் என்னவோ காற்றடித்தால் அடுத்த பேட்டையான முண்ட்வா பக்கம் போய் விழுவார். ஆனாலும் கிலோ என்ற பெயர் இப்படித்தான் வந்தது.

அவரோடு ஆட்டோ பிடிப்பது ஒரு விரதம். கணக்குப்படி, ஒரு வண்டி நம்மை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பினால் அந்தக் காலி ஓட்டமும் நம் தலையில்தான் விழும். ஆகவே டிரைவரிடம் கட்டணத்தைக் கேட்கமாட்டார். "பையா, வாபஸ் காலி ஆவோகே க்யா?" என்பார், திரும்பும்போது காலியாகவா வருவாய் என்று. ஆட்டோக்காரர்கள் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பறந்துவிடுவார்கள். வீடு அந்தப் பக்கமே இருந்து, அன்றைய ஓட்டத்தை முடித்துக்கொண்டு போகிற டிரைவர் ஒருவர் வாய்க்கும்வரை நாங்கள் ரோட்டோரம் நிற்போம். வானவடியில் இருக்கும் என் ஃப்ளாட்டுக்கு நான் நடந்தே போய்ச் சேர்ந்த நாட்கள் உண்டு.

காரக் குழம்பில் ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடும் மிசல் கடையிலும் இதே கதை. பாவ் ரொட்டியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். பாவுக்கு மாவு, மாவுக்குக் கோதுமை, கோதுமைக்கு உரம், உரத்துக்கு எரிவாயு, அதைக் கொண்டுவரக் கப்பல், கப்பலுக்கு எஃகு, எஃகுக்கு மின்சாரம், மின்சாரத்துக்கு நிலக்கரி, நிலக்கரி தோண்டும் இயந்திரத்துக்கு...

"மறுபடி எஃகுங்க," என்றார் தீனமாக.

"அண்ணா, மிசல் ஆறுது."

"சுத்திச் சுத்தி வருதுங்க அம்மிணி. எஃகுக்குக் கரண்டு வேணும், கரண்டுக்கு எஃகு வேணும். எது மொதல்னு சொல்ல முடியாது. அதனாலதான் கம்ப்யூட்டரு எல்லாத்தையும் ஒரே நேரத்துல தீர்க்குது. மனுசனால ஆகாது."

"அப்ப மனுஷனுக்கு என்ன வேலை?"

"கணக்குக்குள்ள எது வரோணும்னு எந்தக் கதவை மூடறது, எந்தக் கதவைத் தொறந்து வைக்கறதுன்னு சொல்றது. அது ஒண்ணுதான் நம்ம வேலை."

பரிமாறுகிறவர் வந்து, இன்னும் பாவ் வேண்டுமா என்று மராத்தியில் கேட்டார். கிலோ அண்ணா கையெடுத்துக் கும்பிட்டார்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் இவரால் சும்மா இருக்க முடியவில்லை. காபி கொண்டுவந்த பெண்ணை ஒருமுறை பார்த்தார், டம்ளரை நெடுநேரம் பார்த்தார். பிறகு பெண்ணின் அப்பாவிடம், "இந்த டம்ளரு எத்தனை வருசமா இருக்குதுங்க?" என்றார். எவ்வளவு காலம் புழங்குகிறதோ அந்த அளவுக்கு எவர்சில்வரின் பாரம் குறையும் என்ற நல்லெண்ணத்தில் கேட்ட கேள்வி. அவர்கள் அதைச் சீர்வரிசைப் பேச்சாக எடுத்துக்கொண்டார்கள். சம்பந்தம் அங்கேயே முறிந்தது. "நல்ல டம்ளருங்க," என்றார் எங்களிடம்.

தனக்கு அமையாத பொருத்தத்தை அவர் எண்களுக்குப் பார்த்தார். தரவுத்தளத்தில் எடுக்கும் ஒவ்வொரு எண்ணும் நம் பொருளுக்கு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மதிப்பெண் போடும் முறை ஒன்று எங்கள் தொழிலில் நிஜமாகவே உண்டு. மற்றவர்கள் அதைக் கடமைக்கு நிரப்புவார்கள். இவர் இரண்டு ஜாதகங்களுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஜோசியர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "ஊர்ப் பொருத்தம் இல்லீங். காலப் பொருத்தம் சுமாருங். தொழில் பொருத்தம் பரவால்லீங்," என்று ஒவ்வொன்றாகத் தள்ளுவார். குளிர்நாட்டு லாரியின் எண்ணை எடுத்து நம் கத்ரஜ் மேட்டில் ஓட்டினால் அவருக்கு நெஞ்சு வலிக்கும்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, பாய் எங்களிடம் வரும்வரை.

பாய்க்கு மேலப்பாளையம் பூர்வீகம். அவருடைய அப்பா இங்கே துணிக்கடை வைக்க வந்தவர். கடையை அண்ணனிடம் விட்டுவிட்டு, கரும்புச் சக்கையை அரைத்து அச்சில் அழுத்திச் சாப்பாட்டுத் தட்டு செய்யும் சின்னத் தொழிற்சாலை ஒன்றைப் பாய் ஆரம்பித்திருந்தார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று பெரிய ஆர்டர் தரத் தயாராக இருந்தது. நிபந்தனை ஒன்றுதான்: தட்டின் கார்பன் கணக்கு அவர்கள் சொன்ன வரம்புக்குள் இருக்கவேண்டும். அந்த ஆர்டரை நம்பிப் பாய் புது இயந்திரம் இறக்கிவிட்டார். இரண்டாம் ஷிப்டுக்கும் ஆள் எடுத்துவிட்டார்.

கணக்கு வந்தது. வரம்புக்கு வெகு கீழே, அழகான எண். மேனேஜர் காரப் பலகாரமான பாகர்வடி வாங்கி மேஜை மேஜையாகக் கொடுத்தார். பாய் பிரியாணி அனுப்பினார். கிலோ அண்ணா பிரியாணியைத் தொடவில்லை.

"இம்புட்டு நல்லா இருக்கக்கூடாதுங்களே," என்றார்.

"ஏண்ணா, நல்லா இருந்தா உங்களுக்குப் பிடிக்காதா?"

"சக்கைக்குப் பூஜ்யம் போட்டிருக்குதுங்க அம்மிணி."

நாங்கள் எடுத்த தரவில் கரும்புச் சக்கை என்பது கழிவு. கழிவுக்குப் பூர்வ ஜென்ம பாவம் கிடையாது. கரும்பு வளர்த்த தண்ணீர், உரம், டீசல் எல்லாம் சர்க்கரையின் கணக்கில் போய்விடும். சக்கை பிறந்த குழந்தை மாதிரி வெள்ளையாக நம்மிடம் வரும். விதி அனுமதிக்கிறது, பொய்யில்லை. மேனேஜரும் அதைத்தான் சொன்னார்: "அரே கிலோ, ரூல் இருக்கு, ரூல்படி செஞ்சிருக்கோம். உனக்கு என்ன பிரச்சனை?"

"ரூல் சரிதானுங்க. ஆனா ஆலைக்காரரு அதைக் குப்பைன்னு நெனைக்கறாரான்னு ஒருக்காப் பாத்துப்போட்டு வந்தறனுங்க."

பாய் தன் வேனிலேயே எங்களை அழைத்துப் போனார். சோலாப்பூர் ரோடில் நெடுந்தூரம். வழியெல்லாம் கரும்பு வண்டிகள்; பாய் உற்சாகமாக இருந்தார். "பாருங்க தம்பி, எம்புட்டுச் சக்கை! வீணாப் போறதத்தான் நாங்க எடுத்துச் செய்யுதோம்."

ஆலைக்குள் கிலோ அண்ணா சக்கைக் குவியலைப் பார்க்கவே இல்லை. நேரே கொதிகலன் பக்கம் போனார். அங்கே கறுப்பாக ஒரு மலை.

"யே கோய்லா கிஸ்கே லியே?" என்று, நிலக்கரி எதற்கு என அங்கிருந்த சூப்பர்வைசரிடம் கேட்டார்.

அவர் பாயைக் காட்டிச் சிரித்துக்கொண்டே ஹிந்தியில் சொன்னது இதுதான்: முன்பெல்லாம் சக்கையைத்தான் எரித்து ஆலையை ஓட்டினோம். இப்போது சக்கை லாரி லாரியாகச் சேட்டுக்குப் போகிறது. கொதிகலன் பட்டினி கிடக்குமா? அதற்குத்தான் கரி.

சக்கை எரிந்தால் வரும் புகையை அடுத்த போகக் கரும்பு திரும்ப எடுத்துக்கொள்ளும். நிலக்கரிக்கு அந்தச் சலுகை இல்லை. பாயின் தட்டு ஒவ்வொன்றுக்கும் பின்னால், தரவுத்தளம் திறக்காமல் விட்ட ஒரு கதவுக்கு அப்பால், இந்தக் கரி எரிந்துகொண்டிருந்தது. அதைச் சேர்த்தால் கணக்கு வரம்பைத் தாண்டிவிடும் என்று கூட்டிப் பார்க்காமலே எங்களுக்குத் தெரிந்தது. பாய் கரிக் குவியலின் அருகே போய் நின்று ஒரு கட்டியை எடுத்துப் பார்த்தார். பிறகு கீழே போட்டுவிட்டுக் கைக்குட்டையால் கையைத் துடைத்தார்.

திரும்பும் வழியில் டீக்கடையில் பாய் கேட்டார். "தம்பி, நீங்க இத கேக்காம இருந்திருந்தா?"

"கேக்காம இருந்தா கரி இல்லாமப் போயிருமுங்களா பாய்?"

"கரி இருந்திருக்கும்," என்றார் பாய். "ஆர்டரும் இருந்திருக்கும்."

கிலோ அண்ணா கிளாஸைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். டீ ஏடு கட்டிப்போயிற்று.

முதல் அறிக்கையையே அனுப்பலாம் என்றார் மேனேஜர். கிலோ அண்ணா சண்டை போடவில்லை. "தட்டு பாயோடதுங்க. பாய் சொல்லட்டுங்க," என்று மட்டும் சொன்னார். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து பாய் ஆபீஸுக்கு வந்தார். கரியைச் சேர்க்காமலும் சேர்த்தும் போட்ட இரண்டு எண்களையும் அவர் முன்னால் வைத்தோம்.

"ரெண்டையும் அனுப்புங்க," என்றார். மேனேஜர் ஏதோ சொல்ல வந்தார். பாய் கையைக் காட்டி நிறுத்தினார். "எங்க வாப்பா கடையில கிழிசல் உள்ள துணிய மடிச்சு வைக்க விட மாட்டாவ. விரிச்சு, கிழிசல்ல வெரல விட்டுக் காட்டித்தான் விப்பாவ. வாங்குதவன் வாங்கட்டும், வாங்காம போகட்டும். பாக்காம இருந்திருந்தா வேற. பாத்துட்டமே."

பதில் வந்தது. மறுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. அடுத்த அரவைப் பருவம் முடிவதற்குள், எடுத்தால் பதிலுக்குக் கரி எரியாத சக்கையைக் காட்டினால் ஆர்டர் உண்டு. அதுவரை நிறுத்திவைக்கிறோம் என்றார்கள். புது இயந்திரம் நீலத் தார்ப்பாயின் கீழ் போனது. இரண்டாம் ஷிப்டு நின்றது. பாய் கிலோ அண்ணாவின் போனை எடுப்பதை நிறுத்தினார்.

அதன்பிறகுதான் எங்களுக்குப் பயம் வந்தது. கேன்டீனில் யாரோ ஒருவர், "கண்ணாடி பாட்டில்தான் பெஸ்ட்," என்று சத்தமாகச் சொன்னார். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். கிலோ அண்ணா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்துத் தட்டைக் கழுவப் போய்விட்டார். நிற்கிற முதல் ஆட்டோவில் ஒரு வார்த்தை கேட்காமல் ஏறினார். ஜுரம் வந்த வீடு மாதிரி ஆபீஸ் அடங்கிப்போனது. மேனேஜரே என்னிடம் வந்து, "அவனிடம் ஏதாவது தப்பான எண்ணைக் கொடேன்," என்று கெஞ்சினார்.

நான் கொடுத்தது தப்பான எண் இல்லை, ஒரு வெற்றிடம். தரவுத்தளத்தில் கரும்புச் சக்கைக்கு இருந்த எண்கள் எல்லாம் வேறு கண்டத்தில் அளந்தவை. நம் பக்கத்து ஆலைகளுக்கு ஒரு வரிகூட இல்லை. அவர் மேஜைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"அண்ணா, நாம பாத்தது ஒரு ஆலை. நல்ல கொதிகலன் வெச்ச ஆலையில குறைஞ்ச சக்கையிலயே வேலை முடிஞ்சிடும் இல்ல? மீதி சக்கை என்ன ஆகும்?"

"மிச்சமாகிக் கெடந்து மக்குமுங்க." மாதக்கணக்கில் கேட்காத குரல்.

"அதை எடுத்தா அதுக்குப் பதிலா என்ன எரியும்?"

அவர் நிமிர்ந்தார். "ஒண்ணும் எரியாதுங்க," என்றார் மெதுவாக. உடனே சந்தேகமும் வந்துவிட்டது. "ஆனா நெசமாவே மிச்சமான்னு பாக்கோணும். பருவம் முடியறவரைக்கும் மிச்சமா, மழைக்காலத்துக்குன்னு எடுத்து வெச்சதான்னு கேக்கோணும். ஒரு ஆலைய வெச்சுச் சொல்லக் கூடாதுங்க அம்மிணி. வரிசையாப் போகோணும்."

பாய்க்கு என் போனிலிருந்து பேசினேன். சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, "வண்டிய நான் கொண்டுவாறேன்," என்றார்.

தீபாவளி முடிந்துவிட்டது. ஆலைகளில் அரவை தொடங்கிவிட்டது. இன்று ஞாயிற்றுக்கிழமை, கிளம்புகிறோம். எத்தனை ஆலை முடியுமோ அத்தனை. ஒவ்வொன்றிலும் கொதிகலனுக்கு முன்னால் நின்று எது எரிகிறது, எது மக்குகிறது என்று பார்த்து, நம் ஊருக்கென்று ஓர் எண்ணைக் கட்டியெழுப்பப் போகிறோம். எல்லா இடத்திலும் கரிதான் இருக்கிறது என்றும் தெரியவரலாம். அப்படியானால் அதைத்தான் எழுதுவோம், பாய்க்கும் அது தெரியும்.

வேனில் எனக்குப் பின் சீட்டு. முன் சீட்டில் நான் பையை வைக்கப்போனபோது பாய் தடுத்துவிட்டார்.

"அங்க வேண்டாம்மா. அந்தத் தம்பி உக்காரட்டும். ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டு வரட்டும்."