தடம் மாறாத நான்கு சுற்றுகள்

மனித குலத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு சக்கரம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாவம், அவர்கள் எங்கள் டேங்கோ மன்றத்துக்கு வந்ததில்லை. சக்கரம் முன்னாலும் போகும், பின்னாலும் போகும். அதற்குக் கொள்கை கிடையாது. எங்கள் ஆடுதளமோ ஞாயிறுதோறும் மாலை மூன்று முதல் ஆறு வரை இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மட்டுமே சுழலும். பதினோரு வருடங்களாக ஒரு ஜோடிகூட எதிரே வந்ததில்லை. இந்தச் சாதனைக்கு யார் காரணம் என்று நானே சொல்லிக்கொள்வது அழகல்ல. மன்றத்தின் செயலாளர் நான்.

மரச்சாமான் கடைக்கு மேலே உள்ள ஹால்தான் மன்றம். கீழே கட்டில் விற்பார்கள். மேலே நாங்கள் ஜோடி ஜோடியாக அணைத்தபடி ஆடுவோம். இதை வைத்துத் தெருவில் அடிக்கப்படும் ஜோக்குகளை நாங்கள் 'கண்டுகொள்வதில்லை'.

தளத்தில் வெளித்தடம், உள்தடம் என்று இரண்டு தடங்கள். நடுவிலுள்ள காலி இடம் யாருடைய ஆளுகைக்கும் உட்பட்டதல்ல. தடம் மாறக் கூடாது, முந்தக் கூடாது, ஆடும்போது பேசக் கூடாது. நான்கு பாட்டுகள் சேர்ந்தது ஒரு தொகுப்பு. அது முடியும்வரை ஜோடியை விட்டு விலகுவது மன்னிக்க முடியாத அவமதிப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, யாரையும் வாய்விட்டு ஆட அழைக்கக் கூடாது. தூரத்திலிருந்து பார்க்க வேண்டும். அவரும் பார்த்தால் லேசாகத் தலையசைக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் 'விருப்பமில்லை' என்று பொருள். மறுபடி பார்ப்பது அநாகரிகம். வெளியூரிலிருந்து ஆட வருபவர்களுக்காக இவற்றையெல்லாம் நாற்பத்திரண்டு விதிகளாக்கி நானே ஒரு கையேடு எழுதியிருக்கிறேன். படித்தவர்களில் பலர் மறுபடி வந்ததேயில்லை. அவ்வளவு ஆழமான நூல்.

சம்பவம் நடந்த ஞாயிறன்று அப்படி ஒரு விருந்தாளி வந்தார். நாற்பது வயதிருக்கும், பஸ் டிரைவர் அம்மாள். ஏதோ பயிற்சிக்காக ஒரு வாரம் வந்தவர், தன் ஊரில் டேங்கோ ஆடுவாராம். நேராக என்னிடம் வந்தார்.

"வணக்கம் சார். ஒரு ஆட்டம் ஆடலாமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அம்மா, விதி ஒன்பது. வாயால கேக்கக் கூடாது."

"பின்ன எதால கேக்கறது?"

"கண்ணால."

"உங்களத்தான சார் பாத்துக்கிட்டு இருக்கேன்?"

"இது பேசறதுக்காகப் பாக்கறது. ஆடறதுக்காகப் பாக்கறது வேற."

"சரி, இப்ப ஆடறதுக்காகப் பாக்கறேன்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். விதியைச் செயல்முறையில் விளக்குவதற்காக மட்டுமே.

கையேட்டைக் கொடுத்து, கதவோரம் 'விருந்தினர் நாற்காலி'யில் உட்காரவைத்தேன். விருந்தினரை முதல் மூன்று வாரம் நாங்கள் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அவர்களுக்குக் கூச்சமாக இருக்குமே என்ற நல்லெண்ணம்தான். ஒரு வாரத்துக்கு மட்டும் வருகிறவர்கள் தங்கள் பயணத்தை இன்னும் கவனமாகத் திட்டமிட்டிருக்கலாம்.

இங்கே என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். லிஃப்ட் மெக்கானிக். எனக்கு இருக்கிற ஒரே அண்ணன். அண்ணி இறந்த பிறகு வீட்டில் சுவரை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை நான்தான் மன்றத்துக்கு இழுத்து வந்தேன். ஆறே மாதத்தில் மனிதர் தேறிவிட்டார், சிரிக்கக்கூட ஆரம்பித்தார். அதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். குறை ஒன்றுதான்: வாய் அடங்காது.

அன்று நாலரை மணித் தொகுப்பில் அண்ணன் உள்தடத்தில், எங்கள் தலைவி அம்மாவுடன் ஆடிக்கொண்டிருந்தார். தலைவி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவருடன் ஆடுவது தேர்வு எழுதுவது போலத்தான் இருக்கும். நான் வெளித்தடத்தில் கணக்கு டீச்சருடன். இரண்டாவது பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டுக்கு முன் உள்ள பதினைந்து விநாடியில் பேசலாம். ஆனால் வானிலை பற்றி மட்டும். இது விதி பதினேழு. அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"டேய், நெஞ்சு என்னமோ பண்ணுதுடா."

"அண்ணா, வானிலை மட்டும்."

"ரொம்ப வேர்க்குதுடா."

"ஆமா, இன்னிக்குப் புழுக்கம் ஜாஸ்திதான்" என்றேன். விதிக்குள் வந்துவிட்டாரே என்று நிம்மதியாக இருந்தது.

மூன்றாவது பாட்டு தொடங்கி அரை நிமிடத்தில் அண்ணன் விழுந்தார். எப்படி விழுந்தார் என்பதைத்தான் நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறேன். முன்னால் போகிறவர்மேல் சாயவில்லை, பின்னால் வருகிறவரை மறிக்கவில்லை. இரண்டு தப்படி நகர்ந்து, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், தளத்தின் நட்டநடுவில் போய் மல்லாந்தார். வேறொரு மன்றத்து ஆசாமியாக இருந்தால் தடத்திலேயே விழுந்து தொலைத்திருப்பார்.

தலைவி அம்மா அதைவிட ஒரு படி மேல். துணையை நடுவில் விட்டுவிட்டுப் போவது அவமதிப்பு என்பதால், அணைத்த கைகளை இறக்காமல், காற்றைப் பிடித்தபடியே மேற்கொண்டு ஆடினார். மற்ற ஜோடிகளும் தளரவில்லை. தளம் எப்போதும்போல் இடஞ்சுழியாகச் சுழன்றது. நடுவில் மட்டும் அண்ணன் சுழலாமல் கிடந்தார்.

நான் கல்நெஞ்சக்காரன் அல்ல. முதல் சுற்றில் அவர் கண் திறந்திருப்பதைப் பார்த்தேன். இரண்டாவது சுற்றில் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை, எனவே விதிமீறல் இல்லை. உடனே நடவடிக்கையில் இறங்கினேன். சுவரோரம் எங்கள் உறுப்பினர் டாக்டரம்மா உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரை வாய்விட்டுக் கூப்பிடலாகாது. ஆகவே பார்த்தேன். தலையசைத்தேன்.

டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஆட்டம் என்கூட, பார்வை அங்கயா?" என்று கணக்கு டீச்சர் பல்லைக் கடித்தார்.

மூன்றாவது சுற்றில், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், டாக்டரம்மாவை இரண்டாம் முறையாகப் பார்த்துவிட்டேன். சொந்த அண்ணன் என்ற பலவீனம். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்கு மாறிவிட்டார். அதற்குமேல் ஒரு செயலாளரால் என்ன செய்ய முடியும்?

நான்காவது பாட்டின் நடுவில்தான் அந்த அக்கிரமம் நடந்தது. பஸ் டிரைவர் அம்மாள் கையேட்டை நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்தார். தெருச் செருப்போடு, அனுமதி இல்லாமல், துணை இல்லாமல், வலஞ்சுழியாக, இரண்டு தடங்களையும் குறுக்கே வெட்டிக்கொண்டு வந்தார். இரண்டு ஜோடிகள் முட்டிக்கொண்டன.

"பாட்ட நிறுத்துங்க!" என்று கத்தினார்.

பாட்டுப் போடுகிறவர் எழுந்து நின்று மரியாதையாகத்தான் சொன்னார். "இன்னும் ஒன்றரை நிமிஷம்தான் மேடம். தொகுப்பு முடிஞ்சிடும்."

அந்த அம்மாள் பிளக்கைப் பிடுங்கினார். பதினோரு வருடத்தில் முதல்முறையாக எங்கள் தளம் பாட்டின் நடுவில் நின்றது.

"இங்க டாக்டர் யாராச்சும் இருக்கீங்களா?"

"நான் இருக்கேன்!" டாக்டரம்மா பாய்ந்து வந்தார். மண்டியிட்டு நாடியைப் பிடித்தபடியே என்னை முறைத்தார். "வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சுத்தற கூட்டத்துல இவர் கெடந்தது எனக்குத் தெரியல, நீங்க ஆடக் கூப்பிடறீங்கன்னு நெனச்சேன்!"

"விதி ஒன்பது..." என்றேன்.

"ரோட்டுல ஒரு ஆள் விழுந்தா வண்டிய நிறுத்துவோம் சார்" என்றார் பஸ் டிரைவர் அம்மாள், அண்ணனின் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே. "இங்க என்னடான்னா, ஒருத்தர ஒருத்தர் முந்தாம ஒழுங்கா சுத்திக்கிட்டு இருக்கீங்க. முதல்ல இதுவும் ஆட்டத்துல ஒண்ணுபோலன்னு நெனச்சிட்டேன். உங்க புஸ்தகத்துல வேற தேடிப் பாத்தேன். விழுந்தா என்ன பண்றதுன்னு எங்கயுமே இல்ல."

ஆம்புலன்ஸ் வந்தது. இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் கைவிட வேண்டியதுதான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அடைப்பை எடுத்துவிட்டார்கள். அன்று இரவு முழுக்க நான் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அங்கே அதற்குத் தடை இல்லை.

புதன்கிழமை செயற்குழு அவசரமாகக் கூடியது. நிலவரத்தின் தீவிரத்தை எல்லோரும் உணர்ந்திருந்தோம். வலஞ்சுழி, செருப்பு, கூச்சல், பிளக் ஆகிய நான்கு குற்றங்களுக்காகப் பஸ் டிரைவர் அம்மாளுக்கு ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. அவர் ஊருக்குப் போய்விட்டபடியால் தபாலில் தெரிவித்தோம். கையேட்டின் குறை சரிசெய்யப்பட்டு, விதி நாற்பத்துமூன்று சேர்க்கப்பட்டது: 'மயங்கி விழ நேரும் உறுப்பினர்கள் கூடியவரை தொகுப்பின் இறுதிவரை பொறுத்திருக்கக் கோரப்படுகிறார்கள்.'

"மனுஷன் சாகக் கெடந்தாரு, இதுல தடை என்ன தடை?" என்று டாக்டரம்மா கேட்டார். அது வானிலை சம்பந்தப்பட்டதல்ல என்பதால் குறிப்பில் ஏறவில்லை. அவர் ராஜினாமா கடிதம் மட்டும் ஏறியது.

கடைசியாக, தலைவி அம்மா தானே முன்மொழிந்து ஒரு பாராட்டுத் தீர்மானம் நிறைவேறியது. என்னைப் பற்றி. அடுத்த நாளே அதன் நகலை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணன் தலையணையில் சாய்ந்திருந்தார். முகம் வெளிறியிருந்தாலும் கண்ணில் உயிர் வந்திருந்தது. கட்டிலருகே நின்று, உரிய கம்பீரத்தோடு வாசித்தேன்.

"'சொந்த அண்ணன் தளத்தில் வீழ்ந்து கிடப்பதைக் கண்ணாரக் கண்டும், நிலைகுலையாது, நான்கு முழுச் சுற்றுகள் தடம் மாறாமல் ஆடிய செயலாளரின் கடமையுணர்வை இம்மன்றம் மனமாரப் பாராட்டுகிறது.'"

அண்ணன் கையை நீட்டி அந்தத் தாளை வாங்கி, தானும் ஒருமுறை படித்துப் பார்த்தார்.

"நாலு இல்லடா, அஞ்சு" என்றார். குரலில் கோபமே இல்லை. "எனக்கு அசையத்தான் முடியல, எண்ண முடிஞ்சுது. நாலு சுத்து என்னையப் பாத்துக்கிட்டே போன. அஞ்சாவது சுத்துல பாக்காம போன."

தாளை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"அப்பதான்டா எனக்குப் பயம் வந்துச்சு."